கடம்ப மரத்துக்காரரின் கணக்கு

ஊர்க்குருவியைப் பெரியவர்கள் அடைக்கலங்குருவி என்றே சொல்வது வழக்கம். யாரும் அழையாமலே வீட்டினுள் நுழைந்து, கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட சந்தில் வைக்கோலைத் திணித்துக் குடியேறிவிடும் அப்பறவைக்கு அடைக்கலம் என்ற சொல் எத்துணைப் பொருத்தமானது! குறுந்தொகையில் மாமலாடனார் என்னும் புலவர், வாடிய ஆம்பலைப் போன்ற அதன் சிறகையும் முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்னும் அதன் பழக்கத்தையும் பாடி வைத்திருக்கிறார். ஆரணியில் இருபதாண்டுகளுக்கு முன்புவரை அக்காட்சியைக் காண நூலைப் புரட்ட வேண்டிய தேவை இருந்ததில்லை. அரிசி ஆலைகளின் களத்தில் நெல் காய்ந்தது. தெருவில் பாவு நீட்டியிருந்தது. ஓட்டு வீட்டின் தறிக்கூடத்தில் நாடா ஓடும் ஓசைக்கு அஞ்சாமல் குருவி வந்துபோயிற்று. இன்று ஓடு போய்த் தளம் வந்துவிட்டது. தளத்தில் சந்து ஏது?

இக்குறை நம் பங்கு இளையோர் சிலரையும் உறுத்தியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள், உலகச் சிட்டுக்குருவி நாளன்று, பழைய பலகைகளை அறுத்து 24 கூடுகளைச் செய்து வீடு வீடாக மாட்டினார்கள். 2010-ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்படும் இந்நாளைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் நாசிக் நகரைச் சார்ந்த முகமது திலாவர் என்பவர். சென்னையில் கூடுகள் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடு செய்யக் கற்றுக் கொடுத்து வருவதைச் செய்தித்தாள்களில் படித்தே நம் இளையோரும் ஊக்கம் பெற்றனர். ஊக்கம் தணியாதிருக்கும்பொருட்டு, பங்கு மண்டபத்தில் மூன்று சனிக்கிழமை மாலைகளில் பறவை காப்போரைப் பற்றிய மூன்று ஆவணப்படங்களைத் திரையிட்டோம். அம்மூன்றையும், சிறப்பாக அவற்றுள் ஒன்றையும் பற்றியே இக்கட்டுரை.

முதல் படத்தை விரைவில் சொல்லி முடிப்போம். ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' 2022-இல் வெளிவந்து, சன்டான்சு விழாவிலும் கான் விழாவிலும் பரிசு பெற்று, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்வரை சென்றது. தில்லியின் வசீராபாத்தில், ஒரு வீட்டின் நிலவறையில், நதீம், சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர், மாஞ்சாக் கயிறு அறுத்தும் நச்சுக்காற்றில் மயங்கியும் விழும் பருந்துகளை எடுத்து மருத்துவம் பார்க்கின்றனர். மூன்று படங்களுள் கலை நயத்தில் இதுவே முதன்மையானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் படத்தின் தொடக்கத்தில் எலிகள் ஓடும் நெடுங்காட்சியைக் கண்டு முன்வரிசைத் தாய்மார் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டதும், அதன்பின் பலர் கண்ணயர்ந்ததும் உண்மை. அது படத்தின் குறையா, நெசவு முடித்து வந்த உடல்களின் குறையா என்று வழக்காட நாம் விரும்பவில்லை.

இரண்டாம் வாரம் திரையிட்டது 'ஹர்கிலா'. அரைமணி நேரத்துக்கும் குறைவான படம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தைச் சார்ந்த ஒளிப்படக் கலைஞர் கெரிட் வின் இயக்கி 2022-இல் வெளிவந்தது. உலகின் மிக அரிய நாரையினத்தைப் படம்பிடிக்க அசாமுக்கு வந்த ஒருவர், பறவையைத் தேடிப் போன இடத்தில் ஒரு பெண்மணியைக் கண்டடைவதே கதை. அப்பெண்மணி பூர்ணிமா தேவி பர்மன்.

பறவையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஹர்கிலா என்றால் எலும்பு விழுங்கி என்று பொருள். ஏறத்தாழ ஐந்தடி உயரம், விரித்தால் எட்டடிச் சிறகு, மயிரற்ற தலை, கழுத்தில் தொங்கும் செந்நிறப் பை. படைவீரரைப்போல் விறைத்து நடப்பதால் ஆங்கிலேயர் அதற்குப் படைத்துறை அலுவலரின் பதவிப் பெயரையே சூட்டினர். பிணந்தின்னும் இப்பறவை ஒரு காலத்தில் கல்கத்தாத் தெருக்களைத் துப்புரவு செய்தது. அந்நகராட்சியின் பழைய இலச்சினையிலும் இடம்பெற்றிருந்தது. இன்று அது முட்டையிடும் இடங்கள் உலகில் மூன்றே: அசாம், பீகார், கம்போடியா. இறைச்சிக்கழிவையும் அழுகல் மீனையும் குஞ்சுக்குக் கொணர்ந்து ஊட்டும்; மிஞ்சியது மரத்தடியில் விழும். அந்த மரமோ காட்டு மரமன்று. அசாமிய ஊர்களில் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் கடம்பு போன்ற உயர்ந்த மரங்களிலேயே அது கூடு கட்டுகிறது. நாறும் முற்றத்தை யார் பொறுப்பார்? மரத்தை வெட்டினார்கள்.

2007-இல் பூர்ணிமா முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்பறவையைத் தேடித் திரிந்தபோது, அப்படி வெட்டப்பட்ட ஒரு மரத்தையும் குஞ்சுகள் தரையில் கிடந்ததையும் கண்டார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டவரை ஊரார் ஏளனம் செய்து அனுப்பினர். அவர் ஆய்வை ஒத்திவைத்துவிட்டு ஊருக்குள் இறங்கினார். பட்டத்தை முடித்தது 2019-இல்தான். பெண்களைத் திரட்டினார், சமையல் போட்டி வைத்தார். பறவைகள் அடைகாக்கும் பருவத்தில், கருவுற்ற மகளிர்க்குச் செய்யும் மங்கலச் சடங்கை ஹர்கிலாவுக்கே செய்தார். நம் ஊரில் குருவிக்கு வளைகாப்பு நடத்துவதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்! நாற்றம் பிடித்த பறவை இவ்வாறு வீட்டுப் பெண் ஆயிற்று. 'ஹர்கிலா படை' என்னும் அம்மகளிர் அணியில் இன்று பல்லாயிரம் பேர் உளர். தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28 ஆக இருந்த கூடுகள், 2022-இல் அவருக்குப் 'புவியின் வீரர்' விருது வழங்கிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி, 250-ஐக் கடந்தன. 2023-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்நாரையை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையினின்று இரண்டு படி இறக்கி, ஆபத்தை அண்மித்த இனமாக மாற்றி எழுதியது.

படத்தின் பெருமை எதில் இருக்கிறது? பறவையை அழகுபடுத்த முயலாததில். குவகாத்தியின் போராகாவ் குப்பைக் கிடங்கில், புகையும் நெகிழிப் பையும் மாடும் மனிதரும் கலந்து நிற்கும் வெளியில், அந்தப் பெரிய பறவைகள் முதியவரைப்போல் முதுகு வளைந்து நிற்கும் காட்சி நம்மை விட்டு நீங்குவதில்லை. அருகிலேயே தீபோர் பீல் என்னும் ஏரி. பன்னாட்டுச் சிறப்புடைய சதுப்பு நிலமென 2002-இல் அறிவிக்கப்பட்ட நீர்நிலை. ஏரிப் பறவை குப்பைக்கு வந்த கதையைச் சொற்களின்றியே ஒளிப்படக்கருவி சொல்லிவிடுகிறது. வனவிலங்குப் படமென்றால் மனிதரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தூய காடு ஒன்றைப் புனைந்து காட்டும் வழக்கத்தை இவர் பின்பற்றவில்லை. இதற்காகவே இப்படத்தை எவருக்கும் நாம் பரிந்துரைப்போம்.

பேச்சு ஆங்கிலத்திலும் அசாமியத்திலும் இருந்தமையால், மேடையோரம் நின்று தமிழில் சொல்லும் பணி நம்முடையதாயிற்று. நம் மொழிபெயர்ப்பு தடுமாறியது. பாதுகாப்பு என்னும் சொல்லைப் பத்துமுறை சொன்னபின், காவல் நிலையத்தைப் பற்றிய படமோ என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டான். அதன்பின் 'பிழைக்க வைத்தல்' என்று சொல்லலானோம். முதுமலையில் தமிழ் மண்ணிலேயே எடுக்கப்பட்டு 2023-இல் ஆஸ்கர் பரிசு பெற்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் பொம்மனும் பெள்ளியும் தம் வாயாலேயே தம் கதையைச் சொல்வதால் விளையும் நெருக்கம், வந்து பார்த்துச் செல்லும் ஒருவரின் வழியாகச் சொல்லப்படும் 'ஹர்கிலா'வில் அதே அளவில் வாய்க்கவில்லை என்று அன்று மேடையோரம் நின்றபோது உணர்ந்தோம்.

படம் முடிந்ததும் கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். அறுபதாண்டுகள் தறியில் இருந்தவர். "அதெல்லாம் சரி சாமி, அந்த மரத்துக்காரருக்கு என்ன கெடச்சுது?" என்றார்.

விடை நம்மிடம் இல்லை. படத்திலும் அதனைத் தேடிப்பார்த்தோம். நாம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இங்கேதான் நம் திறனாய்வு தொடங்குகிறது எனலாம். மரத்தை வெட்டியவரும் ஏளனம் செய்தவரும் கதைக்குள் மாற வேண்டிய மனிதராகவே வருகின்றனர். மாறினார்கள், கதை நகர்ந்தது. ஆனால் நாள்தோறும் அழுகல் விழும் முற்றத்தைக் கழுவுகிறவர் யார்? வெட்டி விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய மரத்தின் விலை என்ன? அதை விட்டுக்கொடுத்த குடும்பம் வசதியுடையதா, வறியதா? பறவைக்கு அடைக்கலம் கொடுத்தது அசாம் அன்று, மாந்தகுலமும் அன்று, பெயர் தெரியாத ஒரு மரத்துக்காரர். ஒரு பெண்மணியின் அருஞ்செயலை முன்னிறுத்தும் ஆவணப்படங்கள் யாவும் இந்தக் கணக்கைத் தாண்டித் தாவிவிடுகின்றன. தலைவி ஒளியில் நிற்கும்போது செலவாளி நிழலில் நிற்கிறார்.

பூர்ணிமாவிடம் இக்குறையைச் சுமத்தினால் அது அநீதி. அவரது வேலையை ஊன்றிப் பார்த்தால் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மரத்துக்காரரைக் குற்றம் சாட்டாமல் ஊரறியப் பெருமைப்படுத்தினார். மரத்தடியில் வலை கட்டி, தவறி விழும் குஞ்சுகளைக் காத்தார். 2017-இல் மூங்கிலால் உயர்ந்த பரண்களை எழுப்பிச் செயற்கைக் கூட்டுத் தளம் அமைத்தார். ஓரிரு ஆண்டுகளில் அதில் குஞ்சும் பொரித்தது. பரணில் பறவை தங்கினால் எந்த வீட்டு முற்றமும் நாறாது அன்றோ? இன்னொன்று, நம் ஊராருக்கு மிகவும் உரியது. படையின் மகளிர்க்கு நூலும் நெசவுப் பயிற்சியும் கிடைக்க வழிசெய்து, கமோசாத் துண்டிலும் புடவையிலும் ஹர்கிலாவின் உருவை நெய்து விற்கச் செய்தார். பறவை வீட்டுக்கு ஒரு வருவாயைக் கொணர்ந்தது. இதைச் சொன்னபோது மண்டபத்தில் எழுந்த சலசலப்பு, விருதுச் செய்தியைச் சொன்னபோது எழவில்லை. புடவையின் கரையில் மயிலும் அன்னமும் நெய்த கைகள் அவை. எலும்பு விழுங்கியைப் புட்டாவாகப் போட்டால் அதன் கழுத்துப்பைக்கு எத்தனை அட்டை வேண்டும் என்று ஒருவர் ஜக்கார்டுக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அசாமிய மகளிரின் தறிக்கருகே ஒளிப்படக்கருவி ஒரு முழு நாள் அமர்ந்திருந்தால் படம் வேறாகியிருக்கும் என்பது நம் துணிபு.

மூன்றாம் வாரம் 'புளூபேர்டு மேன்'. 'வைல்டு லென்ஸ்' என்னும் குழுவினர் 2014-இல் எடுத்த அமெரிக்கப் படம். ஐடகோ மாநிலத்தில் ஆல் லார்சன் என்னும் முதியவர் 1978 முதல் நீலக்குருவிகளுக்குக் கூட்டுப்பெட்டி வைத்து வந்தவர். படம் எடுக்கப்பட்டபோது தொண்ணூறைக் கடந்திருந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள், சாலையோர வேலிக்கம்பங்களில் வரிசையாக. அவ்வரிசையை அந்நாட்டார் 'தடம்' என்கின்றனர். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கிறார், முட்டையை எண்ணுகிறார், குஞ்சின் காலில் வளையம் இடுகிறார், குறித்துக்கொள்கிறார், அடுத்த பெட்டிக்குப் போகிறார். எழுச்சி இல்லை, ஊர்வலம் இல்லை. இளையோர்க்கு இது சலிப்பூட்டியது. நமக்கோ மூன்றிலும் இதுவே நேர்மையான படமாகத் தோன்றியது. கூடு செய்வது ஒருநாள் வேலை. திறந்து பார்ப்பது நாற்பதாண்டு வேலை என்பதை அந்தச் சலிப்பே உணர்த்துகிறது.

இப்படம் தந்த அதிர்ச்சி வேறு. நீலக்குருவி தானே மரத்தைக் குடையத் தெரியாத பறவை. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் வாழ்வது. அப்பொந்துகளைப் பறித்துக்கொண்டவர் யார்? ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் நியூயார்க் நகரில் 1850-களில் விடப்பட்ட நம் அடைக்கலங்குருவியும், 1890-இல் விடப்பட்ட மைனா இனப் பறவையான ஸ்டார்லிங்கும்! நீலக்குருவியின் குஞ்சைக் கொத்திக் கொன்றுவிட்டு அதன் பெட்டியில் ஊர்க்குருவி குடியேறிவிடுமாம். ஆகவே அங்குத் தடம் காப்போர் ஊர்க்குருவியின் கூட்டைப் பிரித்தெறிகின்றனர். இதைக் கேட்ட நம் இளையோர் முகம் வாடிற்று. ஒரே பறவை இங்கே இரக்கத்துக்குரியது, அங்கே ஆக்கிரமிப்பாளர். எந்தப் பறவையும் தன்னளவில் நல்லதென்றோ தீயதென்றோ சொல்ல இயலாது. எவர் இடத்தில் எவர் குடியேறினார், அதனால் இழந்தவர் யார் என்பதே கேள்வி. மூதாட்டியின் கேள்வி மீண்டும் வந்து நின்றது.

நம் நாட்டில் குருவி குறைந்தது ஏன்? நம் சிறுவர்கள் அனைவர்க்கும் தெரிந்த விடை கைப்பேசிக் கோபுரம். அவ்விடையைத் தந்தது அறிவியல் நூலன்று. ஷங்கர் இயக்கி 2018-இல் வெளிவந்த '2.0' திரைப்படம். கோபுரத்தில் தூக்கிட்டு மாயும் பக்ஷிராஜன் என்னும் பறவை அறிஞரின் துயரத்தை அக்ஷய் குமார் உருக்கமாக நடித்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வெளிவந்த அறிக்கை, நாடு முழுமையும் பார்த்தால் ஊர்க்குருவி ஏறத்தாழ நிலையாகவே உள்ளது, பெருநகரங்களிலேயே குறைந்துள்ளது என்றும், கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் கூறியது. குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாமையும் கூடு கட்டச் சந்து இல்லாமையும் அதைவிட நம்பத்தக்க காரணங்கள். தின்னும் பறவை தானியம் தின்றாலும் குஞ்சு வளர்வது பூச்சியால் அன்றோ? கோபுரத்தைப் பழிப்பது நமக்கு எளிது, அது வேறொருவருடையது. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தும் முற்றத்தில் போட்ட சிமென்டும் நம்முடையவை.

இனி நம் 24 கூடுகள். ஆல் லார்சனைப் பார்த்த வெட்கத்தில், ஓராண்டு கழித்து ஏணியும் குறிப்பேடுமாக அவற்றைத் திறந்து பார்த்தோம். மேற்கு வெயிலில் மாட்டியவை அடுப்பாய்க் காய்ந்திருந்தன. வாயைப் பெரிதாக அறுத்துவிட்டவற்றில் அணிலும் மைனாவும். ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான துளையே போதும் என்பதை முன்னரே கேட்டறிந்திருக்கலாம். ஒன்றில் குளவி, அதைத் திறந்தவர் நாமே என்பதால் மேலும் விரித்துரைக்க விரும்பவில்லை. நான்கில் மட்டும் வைக்கோலும் இறகும். ஒன்றில் குஞ்சுகள். படமெடுப்பவர் எவரேனும் வந்திருந்தால் அந்த ஒன்றையே படமெடுத்திருப்பார். மற்ற இருபத்துமூன்றும் வெட்டுப்பட்டிருக்கும்.

ஆனால் அன்று நாம் கண்டவற்றுள் முக்கியமானது பெட்டியில் இல்லை. கேள்வி கேட்ட மூதாட்டியின் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி வெறுமையாக இருந்தது. குருவி அதனருகே செல்லவே இல்லை. உள்ளே புகுந்து, தறிக்கு நேர்மேலே, ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்கும் சட்டத்தின் மூலையில் கட்டியிருந்தது. கீழே அரக்கு நிறப் பட்டுப்பாவு. பட்டின்மேல் எச்சம் விழுந்தால் அவ்விடத்தில் சாயம் வெளுக்கும், புடவை பழுதென ஒதுக்கப்படும், கூலி பிடிக்கப்படும். சென்ற ஆண்டு அவ்வாறு ஒருமுறை பிடிக்கப்பட்டதும் உண்டு. பிடித்தவர் யாரென இங்கு எழுதுவது முறையன்று. இரண்டு காசுக்கு ஐந்து குருவி என்று விற்ற காலத்தைப் பற்றி லூக்கா எழுதியிருப்பதை வாசகர் அறிவர். ஒரு குருவிக்காக ஒரு புடவையின் கூலி என்னும் கணக்கு அவ்வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ஆம் ஆண்டு தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டதற்காக ஊரார் ஒரு மாதத்துக்கும் மேலாக இருளில் நடந்தது நமக்கு நினைவுக்கு வந்தது. இருள் ஊருக்கெல்லாம் பொது. பாவு ஒருவருடையது.

கலைத்துவிடலாமே அம்மா, பெட்டிதான் வெளியே இருக்கிறதே என்று இளைஞர் ஒருவர் சொன்னார். மூதாட்டி, முட்டை இருக்கிறது, பதினைந்து நாளில் பொரித்துவிடும், அதற்குப்பின் குஞ்சு பறக்க இன்னும் பதினைந்து நாள் என்று விரல்விட்டு எண்ணினார். பழைய வேட்டி ஒன்றைப் பாவின்மேல் கூடாரமாகக் கட்டியிருந்தார். அதன் அடியில் குனிந்து நெய்தால் வெளிச்சம் போதாது, நாளுக்கு ஒரு முழம் குறைகிறது என்றார். குறிப்பேட்டில் அவ்வீட்டுக்கு நேரே 'பெட்டி காலி' என்று இளைஞர் எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொல்லி, குறையும் முழத்தையும் சேர்த்து எழுதச் சொன்னோம்.